குனிந்து நின்ற குராத்தா

போன வருடம் குன்மா மலைப்பாதையின் மூன்றாவது வளைவில் வண்டியைக் கவிழ்த்ததிலிருந்து, திருப்பம் வந்தாலே என் கை நடுங்குகிறது. ஓட்டும்போது கை நடுங்காத வண்டி ஒன்றைத் தேடி, அதே பாதையின் அடிவாரத்தில் பழைய கார் விற்கும் குராத்தாவின் கடைக்குத் தம்பி ஷோகோவோடு போனேன். அங்கே பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள் இரண்டு நின்றன. ஒன்று வெள்ளை, ஒன்று நீலம்.

"ரெண்டையும் ஓட்டிப் பாருங்க, மகினோ-சான். எது வேணும்னு உங்க முதுகே சொல்லும்," என்றார் குராத்தா.

நாங்கள் கிளம்பியதும் வாசலில் குனிந்து வணங்கி நின்றார். வண்டி கண்ணுக்கு மறைந்த பிறகுதான் எங்கள் ஊர்க் கடைக்காரர்கள் நிமிர்வார்கள்.

வெள்ளை வண்டியில் முதல் வளைவிலேயே கை நடுங்கியது.

"தபால்காரர் சைக்கிள்ல முந்திட்டுப் போறாருக்கா," என்றான் ஷோகோ. திரும்பி வந்து நீலத்தை எடுத்தோம். குராத்தா மறுபடி வாசலில் குனிந்தார்.

முதல் வளைவைத் தாண்டியும் குராத்தா பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் தெரிந்தார். இரண்டாவதைத் தாண்டியும் அதே தூரத்தில் குனிந்து நின்றார். அவருக்குப் பின்னால் கடை இல்லை, தேவதாரு மரங்கள் இருந்தன.

"டேய், பின்னாடி பாரு."

ஷோகோ திரும்பிப் பார்த்தான். "வெறும் ரோடுதான். ஆனா உன் கை நடுங்கலையே!"

உண்மைதான். வண்டி நான் நினைக்கும் முன்பே திரும்பியது.

"இதையே வாங்கிக்கிறேன்டா," என்றேன்.

போன வருடம் நான் கவிழ்ந்த அந்த மூன்றாவது வளைவுக்குள் நுழைந்தோம். கண்ணாடியில் குராத்தா மெதுவாகத் தலை நிமிர்ந்தார். எங்கள் வண்டி இருக்க வேண்டிய காலிச் சாலையை ஒருமுறை பார்த்துவிட்டு, திரும்பி நடந்தார்.