தண்ணீர் கேட்கும் முறை

மதினி விழுந்த இடத்தில் நிழல் இல்லை.

சிமெண்டு ரோடு. உள்ளங்கை வைத்தால் பொத்துப்போகும் சூடு. அதில் ஒருக்களித்துக் கிடந்தாள் பேச்சித்தாய் மதினி. கண் மேலே செருகியிருந்தது. உதடு வெளுத்துக் காய்ந்திருந்தது.

கூட வந்த அவள் மதினியின் கக்கத்தில் கை கொடுத்து இழுத்தாள். ஒரு காம்பவுண்டுச் சுவரோரம் முழ நிழல் கிடந்தது. தலையை மட்டும்தான் அதற்குள் வைக்க முடிந்தது. மீதி உடம்பு வெயிலில் கிடந்தது.

"மதினி. ஏ மதினி."

கன்னத்தைத் தட்டிப் பார்த்தாள்.

மதினியின் தோள்பை ரோட்டில் வாய் பிளந்து கிடந்தது. கம்பெனிச் சரக்கு. சத்துப்பொடி. சர்க்கரைக்கு ஒரு பொடி. கால் வீக்கத்துக்கு ஒரு பொடி. எல்லாம் தண்ணீரில் கலக்கிக் குடிக்க வேண்டியவை.

தண்ணீர் இல்லை.

காலையில் மதினி பாட்டில் கொண்டுவந்திருந்தாள். பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவள்தான் அதைப் பிடுங்கி டீக்கடையில் கொடுத்து வைத்தாள். கையில் பாட்டிலோடு போய்த் தண்ணீர் கேட்டால் எவள் தருவாள்?

கம்பெனி மீட்டிங்கில் கோட்டு போட்டவன் சொல்லிக்கொடுத்தது அது. வாங்கிக்கிறீங்களா என்று கேட்காதே. கதவைச் சாத்துவார்கள். தண்ணீர் கேள். தாகம் என்று வந்தவளை நம் ஊரில் யாரும் விரட்ட மாட்டார்கள். செம்பு எடுக்க அந்தம்மா உள்ளே திரும்புவாள். நீ படியேறிவிடு.

எல்லோரும் கை தட்டினார்கள். அவளும் தட்டினாள்.

தாகமே இல்லாமல் இந்தத் தெருவில் அவள் குடித்த தண்ணீருக்கு அளவில்லை. வயிறு குலுங்கக் குலுங்க அடுத்த வீட்டுக்குப் போவாள்.

ஓடிப்போய் முதல் கேட்டை ஆட்டினாள்.

"அம்மா, கொஞ்சம் தண்ணி."

ஜன்னல் திரை விலகியது. ஒரு முகம் அவள் கழுத்தில் தொங்கிய கம்பெனி அட்டையைப் பார்த்தது. திரை மூடியது.

எதிர் வீடு.

"தண்ணி குடுங்கம்மா. ஆளு விழுந்து கெடக்கு."

கதவு திறக்கவில்லை. குரல் மட்டும் வந்தது.

"போன தடவை மயக்கமா வருதுன்ன. இப்ப ஆளே விழுந்துட்டாளாக்கும். அடுத்த தடவை பாடை கட்டிக் கொண்டாருவியா?"

அடுத்த வீட்டு மாடியில் ஒருவர் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். கீழே குனிந்து பார்த்தார்.

"எங்க அம்மா தலையில ரெண்டு டப்பாவைக் கட்டிட்டுப் போனவதான நீ?"

"ஐயா, நெசமாவே ஐயா. அங்க பாருங்க."

அவர் பார்த்தார். பார்த்துவிட்டு அடுத்த சட்டையை உதறினார்.

அதற்கடுத்த வீட்டில் நாய்ச் சங்கிலியை அவிழ்க்கிற சத்தம் கேட்டது.

சித்தாள் வேலையில் இதைவிட வெயில் பார்த்தவள் மதினி. கலவைச் சட்டியோடு சாரம் ஏறுவாள். தொட்டித் தண்ணீரை மொண்டு தலையில் ஊற்றிக்கொள்வாள். கொத்தனாரை ஒரு வசவு வைவாள். மறுபடி சட்டியைத் தூக்குவாள். ஒரு நாளும் விழுந்ததில்லை.

எத்தனை நாளைக்கு மதினி மண்ணு சுமப்பே, முதலாளி ஆவோம் வா என்று கூட்டிவந்தவள் அவள். கம்பெனியில் அவளுக்குக் கீழே சேர்ந்த ஒரே ஆள் மதினிதான். மதினி வீட்டில் இப்போது அரிசி வைக்கிற இடத்திலும் விற்காத டப்பா அடுக்கியிருக்கிறது. மதினிக்குக் கீழே ஒருவரும் சேரவில்லை.

கடைசி வீடு புதிது. பால் காய்ச்சிக் கட்டிய மாவிலை வாசலில் காய்ந்து தொங்கியது.

அந்த வீட்டுக்கு அவளைத் தெரியாது.

வெளியே வந்த அம்மாள் ஒன்றும் கேட்கவில்லை. கிடந்தவளைப் பார்த்ததும் உள்ளே திரும்பி ஒரு குடம் தண்ணீரோடு வந்தாள். தலையில் ஊற்றினாள். வாயில் புகட்டினாள். ஆளுக்கொரு பக்கம் தாங்கிப் புதுத் தரையில் கொண்டுபோய்க் கிடத்தினார்கள். மண் காலோடு. ஈரச் சேலையோடு.

மதினியின் நெஞ்சு ஏறி இறங்கியது.

அவள் அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். அழுதாள்.

"தண்ணிதான தாயி. இதுக்குப் போய் அழுவாகளா? இரு, மோரு கொண்டாரேன்."

அடுப்படிக்குள் போனாள்.

மதினி கண்ணைத் திறந்தாள். மேலே ஃபேன் சுற்றியது. பூச்சு வாசம் போகாத சுவர். கையால் தரையைத் தடவினாள்.

"உள்ள விட்டுட்டாகளா ஏட்டி?"

அவள் தலையாட்டினாள்.

மதினி சுவரைப் பிடித்து நிமிர்ந்து உட்கார்ந்தாள். முந்தானையை இழுத்துச் சரிசெய்தாள். முகத்தைத் துடைத்தாள்.

அந்த அம்மாள் மோர்ச்செம்போடு வந்தாள். ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தாள். கரண்டைக்கால் வீங்கிப் பளபளத்தது.

மதினி செம்பை வாங்கவில்லை. காலைப் பார்த்தாள்.

"கால் இம்புட்டு வீங்கிக் கெடக்கே. எத்தன நாளா?"

குரல் கரகரத்தது. ஆனாலும் குழைந்தது.

"அது கெடக்கு வருசக்கணக்கா. நீ மொதல்ல குடி."

மதினி அவள் பக்கம் திரும்பினாள்.

"ஏட்டி, பையை எடுத்துட்டு வா."

அவள் மதினியைப் பார்த்தாள். மதினி கண்ணை எடுக்கவில்லை.

எழுந்து வெயிலுக்குள் போனாள்.

டப்பாக்களைப் பொறுக்கிப் பைக்குள் போட்டாள். எதிர் வீட்டுக் குரல் இப்போது வாசலுக்கே வந்திருந்தது. இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது. மாடியில் அந்த ஆள் துணி உதறுவதை நிறுத்தியிருந்தார். நாய் கம்பிக்குள் மூக்கை நுழைத்திருந்தது.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ரோட்டில் நின்றாள்.

கடைசி வீட்டுக் கதவு மட்டும் திறந்தே கிடந்தது.