மாடி அறை

"அறை காலியாத்தான் இருக்கு. ஆனா தர முடியாதுக்கா" என்றார் அந்த வீட்டைப் பார்த்துக்கொள்ளும் கர்டிஸ்.

வெர்னிஸ் அவரை ஏறிட்டுப் பார்த்தாள். சிறையிலிருந்து விடுதலையாகி வருகிறவர்களுக்கென்றே நடக்கும் வீடு அது. அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரம் முழுக்க அலைந்துவிட்டுக் கடைசியாக இங்கே வந்திருந்தாள்.

"காலியா இருந்தும் ஏன் தர முடியாது?"

"வேற ஒருத்தருக்கு வெச்சிருக்கோம். வியாழக்கிழமை வர்றார்."

"என் தம்பியும் வியாழக்கிழமைதான் வரணும். தங்க ஒரு இடம் காட்டினாத்தான் விடுவாங்க. இல்லேன்னா பரோல் தள்ளிப்போயிடும்."

"உங்க வீட்டுல...?"

"வாடகை அபார்ட்மென்ட். ஜெயிலுக்குப் போனவனை உள்ள விட்டா என்னையும் சேர்த்து வெளிய தள்ளிடுவாங்க. மத்த விடுதியிலயும் கேட்டுப் பார்த்தேன். கொலை வழக்குன்னதும் முகத்தைத் திருப்பிக்கிறாங்க. அவன் எதையும் கேட்க மாட்டான் சார். 'எனக்காக அலையாதே'ன்னுதான் சொல்வான். நான்தான் அலையறேன்."

சமையலறையிலிருந்து பீன்ஸ் கொதிக்கும் வாசனை வந்தது. சக்கர நாற்காலியில் இருந்தபடியே கிளறிக்கொண்டிருந்த ருஃபஸ் தலையை நீட்டினார்.

"அவர்கிட்ட கெஞ்சாதீங்கம்மா. எனக்கே அந்த ரூமைத் தரலை. 'முதல்ல மாடிப்படி ஏறிக் காட்டு'ன்னு நக்கல் வேற."

கர்டிஸ் சிரிக்கவில்லை. "உங்க கஷ்டம் எனக்குப் புரியுதுக்கா. ஆனா அந்த அறை என் அறை இல்லை. இந்த வீட்டுல இருக்கிற எல்லாரும் சேர்ந்து வெச்சிருக்கிறது. நாங்களே பெயின்ட் அடிச்சோம், நாங்களே கட்டில் செஞ்சோம். விடுதலை தேதி நேத்துதான் எங்களுக்கே தெரிஞ்சது. இப்படி ஒரு அறை காத்திருக்குன்னு அவருக்கு இன்னும் சொல்லக்கூட இல்லை."

வெர்னிஸுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஊர்ல எத்தனையோ பேர் பாலத்துக்கடியில படுத்துக் கிடக்காங்க. ஒரு அறையைப் பூட்டி வெச்சுக் காத்திருக்கிற அளவுக்கு யாரு அந்தப் பெரிய மனுஷன்?"

கர்டிஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நான் உள்ள இருந்தப்ப எங்கம்மா செத்துப்போச்சு. முகத்தைப் பார்க்கக்கூட விடலை. அன்னிக்கு நானும் போய்ச் சேர்ந்துடலாம்னுதான் இருந்தேன். பக்கத்து அறையில அவர். எப்படியோ புரிஞ்சுக்கிட்டார். விடியற வரைக்கும் பேச்சை நிறுத்தவே இல்லை. எல்லாம் பேஸ்பால். எனக்கு அந்த விளையாட்டே பிடிக்காது. 'போதும், தூங்குய்யா'ன்னு நான் கத்தற வரைக்கும் விடலை."

"என் கதையையும் சொல்லு" என்றார் ருஃபஸ். பிறகு அவரே சொன்னார். "சர்க்கரை வியாதியில காலை எடுத்தாங்கம்மா. ஜெயில்ல யாரு பார்ப்பா? அந்த மனுஷன்தான் குளிப்பாட்டினார், துணி மாத்தினார். ஒருநாள்கூட முகம் சுளிச்சதில்லை. இங்க இருக்கிற ஒவ்வொருத்தனைக் கேளுங்க, ஒவ்வொண்ணு சொல்வான்."

வெர்னிஸின் கோபம் போன இடம் தெரியவில்லை. அங்கே மெல்லிய பொறாமை ஒன்று வந்து உட்கார்ந்தது. சிறைக்குள் இருந்துகொண்டே இப்படி வாழ்ந்திருக்கிறார் ஒருவர். அவரைப் பெற்ற வீடு கொடுத்து வைத்த வீடு. தன் தம்பிக்காக அவளைத் தவிர யார் காத்திருக்கிறார்கள்?

கோட்டை மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

"அவருக்கே இருக்கட்டும் சார். அவருக்குன்னு வெச்ச இடத்தை நான் கேட்டது தப்பு. வேற எங்கயாவது பார்க்கறேன்."

"மன்னிச்சுக்குங்கக்கா."

"அதெல்லாம் வேண்டாம். பேரை மட்டும் சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை சர்ச்ல அவருக்காகவும் வேண்டிக்கறேன்."

கர்டிஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார். தன் சொந்த அண்ணனைப் பற்றிச் சொல்வதுபோல் குரலில் ஒரு மிடுக்கு ஏறியது.

"எல்ரிட்ஜ் போமன்ட்."

இத்தனை வருஷமும் வெளியில் சொல்ல வெர்னிஸ் கூசி வந்த பெயர் அது. கண்ணீரைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் தலை நிமிர்ந்து நின்றவள், வீடு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்: "என் தம்பி!"