தேதிக்குள் வந்த பெண்

இருதயநாதன் கெட்டிக்காரர். எண்பத்தெட்டாம் வருடத்திலேயே திருச்சி பாலக்கரையில் தன் கல்யாணத் தகவல் நிலையத்துக்குக் கம்ப்யூட்டர் வாங்கிவிட்டார். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என்று தட்டினால், அதற்குள் பிறந்த பெண்களை மட்டும் திரையில் கொண்டுவந்து நிறுத்தும்.

எதிர்வீட்டு வியாகுலம்மாள் தன் மகன் செபஸ்தியானோடு அங்கே போனாள். துணைக்கு நானும் போனேன். வேறு யார் போவது? பையனுக்கு நாற்பது நெருங்குகிறது. அவளோ இன்னும் வயதைச் சொல்லியே பெண்களைத் தட்டிக்கழிக்கிறாள்.

கேட்ட தேதிகளுக்குள் லூர்துராணி என்று ஒரே பெண் வந்தாள்.

"வயசு கூடங்க," என்றாள் வியாகுலம்மாள்.

இருதயநாதன் தேதியைத் தள்ளிப் போட்டார். அதே லூர்துராணி, இப்போது புதுத் தேதிக்குள் பிறந்திருந்தாள்.

"உங்களுக்காகத் திரும்பப் பிறந்திருக்காளேம்மா, இன்னும் என்ன?" என்றேன். இந்தக் காலத்தில் இப்படிப் பணிவான பெண் கிடைப்பாளா?

"மெஷின்ல கோளாறா பாப்போம்," என்று அடுத்த வருடத்தைத் தட்டினார் இருதயநாதன். இன்னும் பிறக்காத லூர்துராணி வந்தாள். பிறந்த தேதிதான் மாறியது. விலாசம் ஒவ்வொரு தடவையும் வியாகுலம்மாள் வீடுதான்.

செபஸ்தியான் அம்மா கையிலிருந்த வீட்டுச் சாவியை வாங்கிக்கொண்டான்.

"வீடு பூட்டியிருக்கும்மா. எவ்ளோ நேரமா வெளியில நிக்கிறாளோ," என்று சைக்கிளை எடுத்தான்.