உம் கொட்டாதவர்

"சிஸ்டர், இது ஆஸ்பத்திரியா, பள்ளிக்கூடமா? அந்தப் பொண்ணை வாயை மூடச் சொல்லுங்க!"

மேனேஜர் கட்டிலில் கிடந்தபடியே கத்தினார். அதிகாரம் செய்வதால் வார்டில் அவருக்கு அந்தப் பெயர். உண்மையில் அவர் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதியவர். சர்க்கரை நோய் முதலில் அவர் கண்களைக் கொண்டுபோனது. இப்போது காலில் ஆறாத புண்.

பக்கத்துக் கட்டிலில் இதய நோயோடு ஒரு பெரியவர். சாயங்காலம் பார்வையாளர் மணி அடித்ததும் அவருடைய மகள் வந்துவிடுவாள். நாற்காலியை இரண்டு கட்டில்களுக்கும் நடுவில் இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒரு நாவலை உரக்கப் படிப்பாள்.

"ஒரு மணி நேரம்தானே சார். கொஞ்சம் பொறுத்துக்கங்க" என்றார் சிஸ்டர்.

"அப்பாவுக்குப் படிக்கணும்னா அவர் காதோரமாப் படிக்கட்டும். ஊருக்கே தண்டோரா போடணுமா?"

மகள் கேட்டும் கேட்காதவள்போல் பக்கத்தைப் புரட்டினாள். குரல் இம்மியும் குறையவில்லை.

மேனேஜரைப் பார்க்க யாரும் வருவதில்லை. பெரியவர் வந்து சேர்ந்த அன்று, ஏதோ சங்கத்திலிருந்து ஒருவர் மேனேஜருக்குப் பேப்பர் படித்துக் காட்ட வந்தார்.

"நான் என்ன அநாதையா? நீங்க புண்ணியம் தேட நான்தான் கிடைச்சேனா? போய்யா!"

வந்தவர் போய்விட்டார். அதிலிருந்து, மணி அடித்தால் மேனேஜர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

இப்போதும் அப்படித்தான் படுத்தார். முதுகைத் திருப்பலாம். காதை என்ன செய்வது?

கதையில் அண்ணனும் தம்பியும் வீட்டை இரண்டாக்கி நடுவில் சுவர் வைத்துவிட்டார்கள். பேச்சுவார்த்தை கிடையாது. சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணன் இருமுகிறான். இந்தப் பக்கம் தம்பி சோற்றைப் பிசைந்தபடி உட்கார்ந்திருக்கிறான். அண்ணனுக்கு ஒரு குரல், தம்பிக்கு ஒரு குரல், மூட்டிவிடுகிற அண்ணிக்கு ஒரு குரல் என்று மகள் மாற்றி மாற்றிப் படித்தாள். அண்ணி பேசினால் மேனேஜருக்கே சுருக்கென்றது.

நாளாக ஆக, அவருடைய கோபம் பெரியவர்மேல் திரும்பியது. கதை கேட்கிறவர் உம் கொட்ட வேண்டாமா? சிரிப்பு வருகிற இடத்தில் சிரிக்க வேண்டாமா? மனிதர் கல்லுப் பிள்ளையார் மாதிரி கிடந்தார்.

ஒருநாள் காலையில் மேனேஜரே இறங்கி வந்து, பெரியவரிடம், "ஏங்க, தம்பி போய்ப் பார்ப்பான்னு நினைக்கிறீங்களா?" என்று கேட்டார்.

பதில் இல்லை.

"திமிர் பிடிச்ச ஆளு" என்றார், தரையைத் துடைத்துக்கொண்டிருந்த ஆயாவிடம். "மககிட்ட மட்டும் குசுகுசுன்னு பேசத் தெரியுது. அந்தப் பொண்ணு தொண்டை கிழியப் படிக்குது, ஒரு உம் உண்டா?"

"நீங்கதானே சத்தமே ஆகாதுன்னீங்க?"

"ஆகாதுதான். அதுக்காக? மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

"இருக்கு, இருக்கு. அதை உங்ககிட்டதான் கத்துக்கணும்" என்று ஆயா வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அன்று சாயங்காலம், அண்ணனின் இருமல் சட்டென்று நின்றுபோகிற இடம் வந்தது. மகள் மூச்சு வாங்குவதற்காக நிறுத்தினாள்.

"உம்?"

மேனேஜரின் குரல்தான். வாய் தவறி வந்துவிட்டது. "உம்... உம்... அம்மா, புண்ணு வலிக்குதே" என்று முனகிச் சமாளித்தார்.

மகள் அடுத்த வரிக்குப் போனாள். தம்பி சோற்றுக் கையோடு எழுந்து வாசலுக்கு ஓடினான். அதற்குள் பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது.

மறுநாள் விடியற்காலையில் பக்கத்துக் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்தார்கள். சிஸ்டர் ஓடுவது கேட்டது. பிறகு சக்கரங்கள் உருண்டு போயின. மெத்தையைத் தட்டிச் சுருட்டும் சத்தம் வந்தபோது, மேனேஜருக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சாயங்காலம் மணி அடித்தது. சுவர்ப் பக்கம் திரும்பவும் தோன்றாமல் மல்லாந்து கிடந்தார். அண்ணன் உயிரோடு இருக்கிறானா? தம்பி கதவைத் தட்டினானா? யாரிடம் கேட்பது? செத்த வீட்டில் போய்க் கதையா கேட்க முடியும்?

சாப்பாடு வந்தபடியே திரும்பிப் போனது.

"சாப்பிடலேன்னா மாத்திரை தர முடியாது சார்."

"தராதீங்க."

சில நாள் கழித்து, மணி அடித்த கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் நாற்காலி இழுபட்டது. காகிதம் புரண்டது.

"யாரு?"

"நான்தான் சார்."

மேனேஜர் தடுமாறி எழுந்து உட்கார்ந்தார். "உங்கப்பாவே போயிட்டாரேம்மா. இப்ப எதுக்கு வந்தே? எனக்காக யாரும் பாவம் பார்க்க வேண்டாம்." அதட்டலாகத்தான் சொல்ல நினைத்தார். குரல் அதற்கு ஒத்துழைக்கவில்லை.

"அப்பா சொல்லிட்டுப் போயிருக்காரு சார், கதையைப் பாதியில விட்டுடாதேன்னு."

"அவ்வளவு ஆசையா கேட்டவரா ஒரு வார்த்தை பேசாம கிடந்தாரு?"

அவள் நாற்காலியை இன்னும் கொஞ்சம் அவர் பக்கமாக நகர்த்திக்கொண்டாள்.

"அப்பா தகரப் பட்டறையில வேலை பார்த்தவரு சார். நான் பொறக்கறதுக்கு முன்னாடியே அவருக்குக் காது போயிடுச்சு. 'நேரா போய்ப் படிச்சா அந்த மனுஷன் விரட்டிடுவாரு, எனக்குப் படிக்கிற மாதிரி அவருக்குப் படி'ன்னு சொன்னதே அவர்தான்."