பூட்டிய குழு

மனைவி கோமளா இறந்த செய்தியைத் தணிகாசலம், ஊருக்கொருவராகச் சிதறிக் கிடக்கும் ஓய்வூதியர்களின் வாட்ஸப் குழுவில் போட்டார். அவர்தான் அட்மின். எல்லோரும் பார்த்துவிட்டதாக நீல டிக் விழுந்தது. ஒருவரும் ஒரு வார்த்தை எழுதவில்லை.

ஃப்ரீசர் பெட்டியருகே உட்கார்ந்து போனையே வெறித்தவர், "இவங்களுக்காக எத்தனை ஆபீஸ் ஏறி இறங்கியிருப்பேன்! ஒரு கும்பிடு போட மனசு வரலையே" என்று பொருமினார்.

"மாமா, அட்மின் மட்டும்தான் எழுதலாம்னு நீங்கதானே பூட்டி வச்சிருக்கீங்க?" என்றான் கோமளாவின் தம்பி.

அப்போதுதான் உறைத்தது. முன்பு இருதயராஜ் தன் தாயார் இறந்ததைக் குழுவில் எழுதியபோது, 'இங்கே பென்ஷன் விஷயம் மட்டும்' என்று அதை அழித்தவர் அவரே. நாலு பேர் சண்டைக்கு வந்தார்கள். அன்று போட்ட பூட்டு.

குழுவைத் திறந்துவிட்டார். இருதயராஜ் ஏதோ எழுதிக்கொண்டிருப்பதாகக் காட்டியது. வெகுநேரம் அப்படியே காட்டியது. பிறகு ஒரு வரி வந்தது.

"இது பென்ஷன் விஷயமா சார்?"

தணிகாசலம் அந்த வரியைத் தொடவில்லை. அதற்கு மேலே இருந்த தன்னுடையதை அழித்தார்.