பயிற்சிக்கு ஒரு சாட்சி

பயிலரங்கின் சன்னல் வெயில் மேசை மேசையாக நகர்ந்து சுருக்கெழுத்துக் கருவிகளின்மேல் படிகிறது. கோர்ட்டில் ஊரார் பேச்சையெல்லாம் ஒரு சொல் சிந்தாமல் பதிவு செய்கிறவர்கள் இவர்கள்; தேநீர் இடைவேளையில் யாராவது பேசினால்கூட விரல்கள் மேசை விளிம்பில் தாமாகவே துள்ளுகின்றன. இப்போது பயிற்சிக்காக, அவர்களில் அதிகம் பேசாத ஒருத்தியைச் சாட்சி நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறார் பயிற்சியாளர். "எது வேணா பேசும்மா, இவங்க எடுக்கட்டும்." இத்தனை வருடத்தில் அவள் சொந்தப் பேச்சு ஒரு வரிகூடப் பதிவில் ஏறியதில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு கடைசி வரிசையைப் பார்க்கிறாள். "அன்னைக்கு அந்தக் குழந்தை சாட்சி சொல்றப்ப எனக்குக் கை ஓடல. ஏன்னு ஒரு வார்த்தை கேக்காம என் இடத்துல வந்து உக்காந்தீங்களே அக்கா, அதுக்கு நன்றி சொல்ல எனக்கு இன்னைக்கு வரைக்கும் வாய் வரல." கூடம் முழுக்க விசைகள் மழையாய்ச் சடசடக்கின்றன, கடைசி வரிசையில் ஒரு கருவி மட்டும் சத்தமில்லாமல் கிடக்கிறது. "நீங்க எடுத்ததைப் படிங்கம்மா," என்கிறார் பயிற்சியாளர், அந்தப் பக்கம் திரும்பி. ஒரு சொல்லையும் தவறவிடாதவர் என்று பேரெடுத்த அக்கா, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைக்கிறார். "விட்டுப்போச்சு சார். சாட்சியை இன்னொரு தடவை சொல்லச் சொல்லுங்க."