நீலப் பெட்டிக்கு மட்டும்

"டாக்டர், இன்னைக்காவது எழுந்து நில்லுங்க!"

டெக்னீஷியனின் கையில் நீலப் பெட்டியின் கடைசி ஸ்லைடு. அந்தக் கண்ணாடியில், முடியைவிட மெல்லிசாகச் சீவிய மனித மூளையின் ஒரு சீவல் ஒட்டியிருந்தது.

அந்த ஆய்வகத்தில் ஒரு வழக்கம் உண்டு. யாருடைய மூளையாக இருந்தாலும் சரி, மைக்ரோஸ்கோப்பில் வைக்கும் முன் எல்லோரும் எழுந்து நின்று அதைக் கொடுத்தவருக்கு நன்றி சொல்ல வேண்டும். வழக்கத்தைக் கொண்டுவந்ததே டாக்டரம்மாதான். ஆனால் நீலப் பெட்டியை எடுத்தால் மட்டும் பசை போட்டு ஒட்டியதுபோல நாற்காலியிலேயே இருப்பார்.

"நீயே சொல்லிடும்மா, போதும்." காதுக்கு மேலே முடியைக் கோதிவிட்டுக்கொண்டார்.

டெக்னீஷியனுக்குச் சுருக்கென்றது. அவள் தங்கைக்கு வலிப்பு, எந்த மாத்திரைக்கும் மசியாத வலிப்பு. மூளைக்குள் சேதி கடத்தும் ஒரு புரதம், மூன்று துண்டுகள் சேர்ந்து உருவானது. அதில் ஒரு குறிப்பிட்ட துண்டு வலிப்பு கிளம்பும் இடத்தில் இருந்தால், புது மருந்துக்கு வழி பிறக்கும். மற்ற பெட்டிகளில் சல்லடை போட்டுத் தேடியும் அது அகப்படவில்லை.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "புண்ணியவானோ புண்ணியவதியோ, செத்தும் கொடுத்திருக்கீங்க. நன்றிங்க. என் தங்கச்சிக்காக இன்னைக்குக் கண்ணுல காட்டிடுங்க."

ஸ்லைடை வைத்துக் குனிந்தாள். அந்தத் துண்டில் மட்டும் ஒட்டும் சாயம், இருட்டில் பச்சைப் புள்ளிகளாக மினுங்கியது.

"இருக்கு டாக்டர்! இருக்கு!"

டாக்டர் ஓடிவந்து பார்த்தார். கண்கள் நிறைந்துவிட்டன. "இங்கதான் குடியிருக்கியா? எங்கெல்லாம் தேட விட்டே!" என்று அந்தப் பச்சையைச் செல்லமாகத் திட்டிவிட்டுத் திரும்பவும் நாற்காலியில் சாய்ந்தார்.

டெக்னீஷியனுக்குப் பொறுக்கவில்லை. "இப்பகூட ஒரு நன்றி சொல்ல வாய் வரலையா? செத்தவங்கதானேன்னு அவ்வளவு அலட்சியமா?"

"செத்தவங்கன்னு உனக்கு யார் சொன்னது? செத்த மூளையில அந்தத் துண்டு சீக்கிரமே அழிஞ்சுபோயிடும். அதான் மத்த பெட்டியில கிடைக்கல. இது வலிப்பு நிக்கணும்னு ஆபரேஷன் பண்ணி எடுத்தது. ஆள் குத்துக்கல்லாட்டம் இருக்கு."

"உயிரோடவா? எங்க இருக்காங்கன்னு சொல்லுங்க டாக்டர், இப்பவே போய்க் கால்ல விழறேன்!"

டாக்டர் அவசரமாகத் தன் கால்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார். பிறகு காதுக்கு மேலே முடியை விலக்கிக் காட்டினார். அங்கே நீளமாக ஒரு தழும்பு.

"விழுந்து தொலைக்காதே! எனக்கு நானே எப்படிம்மா எழுந்து நின்னு நன்றி சொல்லிக்கிறது?"